சோழர் கால சந்தையில மிளகா வத்தல் எப்படி வந்துச்சு?

ஆசிரியர் சார், வணக்கம்.

உங்க பேப்பரோட சிறுவர் இணைப்புல வர்ற வரலாற்று துணுக்கெல்லாம் எங்க வீட்டு பசங்க விடாம பாக்குறாங்க, படிக்குறாங்கன்னு சொல்லல, பாக்குறாங்க, ஏன்னா மொத கண்ணு போறது படத்துக்கு தான், படம் புடிச்சா தான் பக்கத்துல இருக்குற நாலு வரிக்கு வர்றாங்க. அந்த படத்த பத்தி தான் இந்த லெட்டர்.

நான் திருவல்லிக்கேணில ஒரு பிரஸ்ல லேஅவுட் வேலை பாக்குறேன். கொஞ்ச நாள் முன்னாடி ஒரு பதிப்பகத்துலேர்ந்து ராஜராஜ சோழன் பத்தி குழந்தைங்க புக் ஒண்ணு வேலைக்கு வந்துச்சு. தஞ்சாவூர் கடைத்தெருன்னு ஒரு பெரிய மல்டிகலர் படம், ரெண்டு பக்கத்துக்கு சேர்த்து. அதுல ஒரு அம்மா செவப்பு மிளகா வத்தல குவிச்சு வச்சு விக்குறாங்க, பக்கத்து கடைல தக்காளியும் உருளைக்கிழங்கும். ராஜராஜன் ஆண்டது 985லேர்ந்து 1014 வரைக்கும். வாஸ்கோடகாமா கள்ளிக்கோட்டைக்கு வந்ததே 1498ல, அமெரிக்கா கண்டத்து செடியான மிளகா அதுக்கப்புறம் தான் போர்த்துகீசியர் மூலமா நம்ம அடுப்புக்கு வந்துச்சு, கிட்டத்தட்ட 500 வருஷம் முன்ன பின்ன ஆயிடுச்சு. நான் போன் போட்டு சொன்னேன் சார், வத்தல எடுத்துட்டு ஒரு மிளகு மூட்டைய வச்சா போதும்னு. "குழந்தைங்க புக் தானே, யாரு இதெல்லாம் பாக்க போறா"ன்னு பதில் வந்துச்சு. குழந்தைங்க தான் சார் பாக்கும்! எழுத்த மறந்துடும், படத்த மறக்காது, நாப்பது வயசுலயும் சோழ நாடுன்னா அந்த வத்தல் குவியல் தான் மனசுல வரும்.

நம்ம ஊர்ல எப்படி நடக்குதுன்னா, எழுத்தாளர் மேட்டர குடுத்துடுவார், அப்புறம் ஓவியருக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் போகும், நாளைக்குள்ள பன்னெண்டு படம் வேணும்னு. அவர் பாவம் கூகுள்ல தேடி ஏதோ ஒரு டிவி சீரியல் ராஜாவ பாத்து மீசையும் ஜிகினாவும் வச்சு வரைவார். இப்போ அதுவும் போய் ஏஐல போட்டு தர்றாங்க, அதுல கல்வெட்டுன்னு வர்றத பாத்தா எந்த எழுத்தும் கிடையாது, வெறும் கிறுக்கல். வரலாறு சொல்ற புத்தகத்துல கல்வெட்டே போலின்னா அப்புறம் என்ன சார் மிச்சம்?

ஆதாரம் இல்லாத காலமா அது? பெரிய கோயில் கருவறைய சுத்தி உள்ள இருட்டுப் பாதைல சோழர் கால ஓவியமே இருக்கு, மேல நாயக்கர் காலத்துல வேற படம் போட்டு மூடியிருந்தாங்க, 1931ல தான் வெளிய தெரிஞ்சுது. ஆளுங்க துணி எப்படி கட்டினாங்க, கொண்டை எப்படி போட்டாங்க, ஆடுறவங்க கழுத்துல கைல என்ன நகை, எல்லாம் அதுலயே பாக்கலாம். எழும்பூர் மியூசியத்துல செப்புத் திருமேனிங்க இருக்கு, பஸ்ஸ புடிச்சா போய்டலாம். இத்தனை இருந்தும் தெரியாத விஷயம் நிறைய இருக்கும் தான், அப்போ பக்கத்து ஓரத்துல "இது கல்வெட்டுல இருக்கு, இது ஓவியரோட ஊகம்"னு ஒரு வரி போட்டுடுங்க. பசங்களுக்கு அது போர் அடிக்காது, துப்பறியுற மாதிரி இருக்கும், எது நெசம் எது ஊகம்னு அதுங்களே அடுத்த பக்கத்துல தேட ஆரம்பிச்சிடும்.

குடத்துல ஓலை போட்டு ஊர் சபைக்கு ஆள் எடுத்த உத்திரமேரூர் குடவோலை முறைய எடுத்துக்கோங்க. பாடப் புத்தகத்துல 35 வயசுக்கு மேல 70 வயசுக்குள்ள, சொந்த மனைல வீடு, கால் வேலி நிலம்னு தகுதி பட்டியல் மட்டும் வரும், பசங்க மனப்பாடம் பண்ணி பரீட்சை எழுதிட்டு மறந்துடும். ஆனா அந்த கல்வெட்டுல ஒரு முழு சீனே இருக்கு சார், முதலாம் பராந்தகன் காலத்துது, 919லயும் 921லயும் வெட்டினது, வைகுண்டப் பெருமாள் கோயில் சுவத்துல இன்னைக்கும் பாக்கலாம். ஊர் மொத்தமும் கூடியிருக்கும், கோயில் பூசாரிங்களான நம்பிமார்ல வயசானவர் ஒருத்தர் குடத்த எல்லாரும் பாக்குற மாதிரி தூக்கி காட்டணும், உள்ள என்ன இருக்குன்னு தெரியாத ஒரு சின்ன பையன் ஓலைய எடுக்கணும், அத வாங்குற மத்தியஸ்தன் அஞ்சு விரலையும் அகல விரிச்சு உள்ளங்கையில வாங்கணும். ஏன் விரிக்கணும்? விரல் இடுக்குல வேற ஓலைய ஒளிச்சு வச்சு மாத்திடக் கூடாதுல்ல, எனக்கு அப்படி தான் தோணுது. ஆறு படம் போதும் இந்த சீனுக்கு, அதுல ஒண்ணு முழு பக்கத்துக்கு அந்த விரிஞ்ச கை மட்டும். படிக்குற பையனுக்கும் குடத்துல கைய விடுற பையனுக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு, இத விட்டுட்டு நாம குதிரையும் வாளும் வரைஞ்சுட்டு இருக்கோம்.

இன்னொண்ணு, கணக்கு காட்டாதவன் மறுபடி நிக்க முடியாது, அவனோட அத்தை பையன் மாமா பையன்னு சொந்தக்காரங்களும் நிக்க முடியாதுன்னு அதே கல்வெட்டு சொல்லுது, இத ஒரு குடும்ப மரமா வரைஞ்சு ஒவ்வொரு தலைக்கும் பெருக்கல் குறி போட்டா எந்த பிள்ளையும் சிரிச்சுகிட்டே புரிஞ்சுக்கும். கூடவே இதையும் மறைக்காம சொல்லணும், அது பிராமணர் ஊர் சபை, நிலம் இல்லாதவங்க பேரு ஓலைல ஏறவே ஏறாது. பெருமைய மட்டும் சொல்லி குழந்தைய ஏமாத்த வேண்டாம், அதுங்களுக்கு கேள்வி கேக்க தெரியும்.

சென்னை பிள்ளைங்களுக்கு தஞ்சாவூர் வரைக்கும் கூட போக வேண்டியதில்ல. நான் ஆதம்பாக்கத்துல இருக்கேன், பரங்கிமலை எங்க ஏரியா, தினம் லட்சக்கணக்கான பேர் ட்ரெயின்ல அத தாண்டி போறாங்க. 1802 ஏப்ரல்ல அங்கேர்ந்து தான் வில்லியம் லாம்ப்டன்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி இந்தியாவ அளக்க ஆரம்பிச்சார், கடைசில இமயமலை வரைக்கும் போன சர்வே அது. மொத கோடு மட்டும் சுமார் 12 கிலோமீட்டர், 100 அடி எஃகுச் சங்கிலிய மரப்பெட்டில வச்சு நீட்டி நீட்டி அளந்தாங்க, வெயில்ல எஃகு நீளும்ல, அதுக்காக மேல கூடார நிழல், பக்கத்துல தெர்மாமீட்டர். அப்புறம் கோணம் அளக்குற, அரை டன் எடையுள்ள தியோடலைட்ன்ற கருவிய மலைக்கும் கோபுரத்துக்கும் தூக்கிட்டு போனது, 1808ல தஞ்சாவூர் கோயில்ல கயிறு கட்டி மேல இழுக்குறப்போ கயிறு அறுந்து சுவத்துல மோதி அது நசுங்கினது, லாம்ப்டன் பிரிச்சு மேஞ்சு தானே சரி பண்ணினது... ஒவ்வொண்ணும் ஒரு படம் சார்! வெறும் எழுத்துல சொன்னா அந்த கருவி எவ்ளோ பெருசுன்னு தெரியாது, பக்கத்துல ஒரு ஆள நிக்க வச்சு வரைஞ்சாத்தான் தெரியும். அந்த சங்கிலியையும் பெட்டியையும் சுமந்த கூலி ஆளுங்க முகமும் படத்துல வரணும், அவங்க பேரு கூட நமக்கு கிடைக்கல.

பக்கிங்காம் கால்வாயும் அப்படி தான். 1876-78 பஞ்சத்துல பசியோட வந்த ஜனங்கள வச்சு தான் ஊருக்குள்ள போற பகுதிய வெட்டினாங்க, இன்னைக்கு பறக்கும் ரயில் தூண் நிக்குறது அந்த கால்வாய்ல. இடது பக்கம் அப்போ, வலது பக்கம் இப்போ, ஒரே இடம், அவ்ளோ தான். பல்லாவரத்துல 1863ல ராபர்ட் புரூஸ் ஃபூட் எடுத்த கற்கோடாரி, 1914ல எம்டன்ற ஜெர்மன் போர்க்கப்பல் குண்டு போட்டு எரிஞ்ச எண்ணெய் டேங்க், 1856ல தென்னிந்தியாவோட மொத ரயில் கிளம்பின ராயபுரம் ஸ்டேஷன்னு லிஸ்ட் போய்கிட்டே இருக்கும்.

செலவாகும்னு தான் எல்லாரும் சொல்றாங்க. பிரஸ்ல இருக்குறதால சொல்றேன், கலர்னா நாலு பிளேட், மிஷின் செட்டிங், இதெல்லாம் 500 காப்பி போட்டாலும் 10,000 காப்பி போட்டாலும் ஒரே செலவு, அதனால கம்மியா அடிச்சா விலை ஏறத்தான் செய்யும், அது உண்மை. ஆனா கலர் இல்லாம முடியாதுன்றத மட்டும் நான் ஒத்துக்க மாட்டேன். ஓவியர் சில்பி கோயில் கோயிலா போய் உக்காந்து வரைஞ்ச கோட்டோவியமெல்லாம் வாரப் பத்திரிகைல வந்தது தானே, ஒரு தூண் யாளிய எண்ணி பாத்து வரைஞ்சிருப்பார். மை ஒரே கலர், ஆனா மனுஷன் நேர்ல போய் பாத்தார். வழவழன்னு ஆர்ட் பேப்பர்ல தப்பா அடிக்குறதுக்கு அது எவ்வளவோ மேல்.

வாசிப்பு இயக்கத்துல அரசு பள்ளி பசங்களுக்கு நுழை, நட, ஓடு, பறன்னு பிரிச்சு சின்ன சின்ன படப் புத்தகம் குடுத்தாங்க, நல்ல வேலை, பெரிய எண்ணிக்கைல அடிச்சா விலையும் இறங்கும். அதுல உள்ளூர் வரலாறும் நிறைய வரணும், மாவட்டத்துக்கு பத்து வந்தா கூட போதும்.

உங்க கிட்ட கேக்குறது ஒண்ணு தான். சிறுவர் இணைப்புல வாரம் அரை பக்கம் குடுங்க, சென்னைல ஒரு இடம், ஒரு விஷயம், ஒரு ஓவியர். அவர இன்டர்நெட்ல தேட சொல்லாம இடத்துக்கு அனுப்புங்க, போக வர காசும் ஒரு வாரம் டைமும் குடுங்க, எழுதினவர் பேருக்கு சமமான சைஸ்ல அவர் பேரையும் போடுங்க. பெரியமேட்டுல 1850ல ஆரம்பிச்ச ஓவியக் கல்லூரி இருக்கு, அங்க படிக்குற பிள்ளைங்கள கேட்டாலே சந்தோஷமா வருவாங்க. மொத வாரம் பரங்கிமலைன்னா இன்னும் சந்தோஷம், மேல சர்ச் பக்கத்துல லாம்ப்டனுக்கு ஒரு சின்ன சிலை வச்சிருக்காங்க, காலைல வெயிலுக்கு முன்ன ஏற சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வாசகர்,
ஆதம்பாக்கம், சென்னை