புரோச்சின் பின்பக்கத்தையும் காட்டுங்கள்

வேல்ஸின் ஆரம்ப இடைக்கால உலோகப் பொருட்களைப் பாதுகாத்துவரும் அருங்காட்சியகப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். இணையப் பட்டியலைப் புதுப்பித்ததற்கு நன்றி. படங்கள் பளிச்சென்று இருக்கின்றன. ஆனால் வாய் திறந்த வளைய புரோச்சுகளுக்கு, அதாவது ஆடையைப் பிணைக்கும் ஊசி வைத்த வளைய அணிகளுக்கு, இந்த முறையும் முன்பக்கப் படம் மட்டும்தான். பின்பக்கத்தைக் காட்டுங்கள் என்று எத்தனை முறைதான் கேட்பது?

அந்த புரோச் வேலை செய்யும் விதம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஊசியைத் துணியில் குத்தி வெளியே எடுத்து, வளையத்தின் திறப்பு வழியாக ஊசியை மேலே கொண்டுவந்து, வளையத்தைச் சற்றுத் திருப்பினால் பூட்டிக்கொள்ளும். திறப்பு 3 மி.மீ., ஊசி 3.5 மி.மீ. என்றால் நுழையவே நுழையாது. வாயை விரித்துப் பார்த்தால் வார்ப்பு வெண்கலம் விரிசல் விடும். ஊசியை அராவி மெலிதாக்கினால் கனத்த கம்பளியில் வளைந்துவிடும். ஊசித்தலை தகடாக அடித்து வளையத்தில் சுற்றியதா, துளையோடு வார்த்ததா என்பதும், வளையத்தில் ஊசி உரசித் தேய்ந்த தடமும் பின்பக்கத்தில்தான் தெரியும். நகல் செய்பவர்கள் இதையெல்லாம் ஊகித்து ஊகித்து வெண்கலத்தை வீணாக்குகிறார்கள்.

தெற்கு வேல்ஸின் டினஸ் போவிஸ் மலைக்கோட்டையில் 1954–58 அகழாய்வில் தொல்லியலாளர் லெஸ்லி ஆல்காக் கண்டெடுத்த, புரோச்சுக்கான காரீய மாதிரியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஈரக் களிமண்ணில் பதித்து அச்செடுக்க உதவியதாகக் கருதப்படும் பொருள் அது. களிமண் காயும்போது சுருங்கும். உலோகமும் ஆறும்போது சுருங்கும். மாதிரியின் தடிமன் தெரியாமல் வார்ப்பின் அளவை எப்படிக் கணக்கிடுவது?

இன்னொரு வருத்தமும் உண்டு. அயர்லாந்தில் கிடைத்த தாரா புரோச்சை உலகமே அறியும். வேல்ஸ் என்றால் எல்லாம் அயர்லாந்திலிருந்து வந்தது என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதே டினஸ் போவிஸில் உலோகம் உருக்கும் மூசைகள் கிடைத்திருக்கின்றனவே! உள்ளூர்க் கொல்லர்களின் கைவேலைக்குச் சாட்சி உங்கள் இழுப்பறைகளில் முகம் மேலாகக் கிடக்கிறது. புரட்டிக் காட்ட ஆளில்லை.

கோபத்தைப் பொறுத்தருளுங்கள். ஒவ்வொரு புரோச்சுக்கும் பின்பக்கப் படம் ஒன்று, மி.மீ. அளவுகோலோடு பக்கவாட்டுப் படம் ஒன்று, எடை, திறப்பின் அகலம், இவை போதும். புரட்டினால் உதிர்ந்துவிடும் நிலையில் உள்ளவற்றைத் தொட வேண்டாம். பழுதுபார்த்தபோது எடுத்த எக்ஸ்ரே இருந்தால் அதையே போடுங்கள். அந்தக் காரீய மாதிரியில் தொடங்கினால் பெரிய உதவி.

தயவுசெய்து பின்பக்கத்தைக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
வேல்ஸ் உலோகக் கலை ஆர்வலர் ஒருவர்