தோட்டத்துக்குள்ளும் பிரதேச சபை வரவேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலையகப் பெருந்தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் பற்றிய செய்திகளும் கட்டுரைகளும் தங்கள் பத்திரிகையில் தொடர்ந்து வெளிவருகின்றன. 2021இல் ஆயிரம் ரூபாவாகவும் 2024இல் 1350 ரூபாவாகவும் சம்பளம் உயர்ந்ததன் பின்னால் எவ்வளவு போராட்டம் இருந்தது என்பதை அறிந்தவன் என்ற முறையில், அதன் பெறுமதியை நான் ஒருபோதும் குறைத்துச் சொல்லமாட்டேன். ஆனால் தேர்தலுக்கு முன்னும் சம்பளம், தேர்தலுக்குப் பின்னும் சம்பளம் என்று மலையக அரசியல் அந்த ஒரு தொகையையே சுற்றிக்கொண்டிருப்பதால், தோட்டத்து வறுமைக்கு வேராக இருக்கும் இன்னொரு விடயம் பேசப்படாமலே போய்விடுகிறது. தோட்ட மக்கள் வாக்களித்துத் தெரிவுசெய்யும் உள்ளூராட்சி மன்றமான பிரதேச சபைக்கு, அந்த மக்கள் குடியிருக்கும் இடத்தில் போதிய அதிகாரம் இல்லை என்பதே அது.

2019ஆம் ஆண்டு அரசாங்கம் நடத்திய குடும்ப வருமான, செலவினக் கணக்கெடுப்பின்படி நாடு முழுவதிலும் வறுமையில் இருந்தோர் நூற்றுக்கு 14.3 பேர், தோட்டத்துறையில் 33.8 பேர். இந்த இடைவெளி தேயிலை விலையால் மட்டும் வந்ததல்ல. 1947 பொதுத் தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியர் காங்கிரஸின் ஏழு பேர் பாராளுமன்றம் சென்றார்கள். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டமும் 1949இல் வந்த தேர்தல் சட்டத் திருத்தமும் அவர்களுக்கு வாக்களித்த மக்களை வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கின. 1977இல் தோட்டத் தொழிற்சங்கத் தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் நுவரெலியா - மஸ்கெலியா தொகுதியில் வெற்றிபெறும் வரையில், தோட்ட மக்களின் வாக்கால் ஒருவரும் பாராளுமன்றத்துக்குள் போகவில்லை.

அந்த முப்பது வருடங்களில்தான் இந்த நாட்டின் கிராமங்கள் எழுந்து நின்றன என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. இலவசக் கல்வி பரவியதும், அரசாங்க ஆஸ்பத்திரிகள் பெருகியதும், காணியற்ற விவசாயிகளுக்குக் குடியேற்றத் திட்டங்களில் காணி கிடைத்ததும் அந்தக் காலத்தில்தான். வாக்குக் கேட்டு வீட்டு வாசலுக்கு வரும் உறுப்பினரிடம் பாடசாலையும் பாதையும் கேட்கும் உரிமை கிராமத்தவருக்கு இருந்தது. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், இருந்தவரிடம் வாக்கு இல்லாததால் அவரது வாசலுக்கு யாரும் வரவேண்டிய தேவை இருக்கவில்லை. 1972இலும் 1975இலும் காணிச் சீர்திருத்தத்தின் பேரில் தோட்டங்கள் அரசுடைமையானபோது நிலம் கைமாறியது, ஆனால் அதில் உழைத்தவனுக்கு ஒரு துண்டும் வரவில்லை. இடையில் 1973, 1974இல் தோட்டங்களில் மக்கள் பட்டினியால் செத்தார்கள்.

குடியுரிமைப் பிரச்சினை 2003ஆம் ஆண்டுச் சட்டத்தோடு பெரும்பாலும் தீர்ந்தது. வாக்குரிமை வந்த பின்னர் அபிவிருத்தியும் வந்திருக்க வேண்டும் அல்லவா? அங்கேதான் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் குறுக்கே நின்றது. அதன் 33ஆம் பிரிவு கிராமங்களை மனதிற்கொண்டு எழுதப்பட்டிருந்ததால், சபையின் நிதியைத் தோட்டக் குடியிருப்புகளுக்குச் செலவிட வழி இருக்கவில்லை. தோட்டத்து வாக்குகளால் வென்ற உறுப்பினர், தன்னைத் தெரிவுசெய்தவர்களின் லயத்துக்குப் போகும் பாதையில் உடைந்த ஒரு மதகைக்கூடச் சபைப் பணத்தில் கட்டமுடியாத நிலை முப்பது வருடத்துக்கு மேல் நீடித்தது. 2018இல்தான் அந்தப் பிரிவு திருத்தப்பட்டது. இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட மக்களைக் கொண்டிருந்த நுவரெலியா, அம்பகமுவ பிரதேச சபைகள் ஆறாகப் பிரிக்கப்பட்டு, அவற்றுக்கு முதல் தேர்தல் நடந்ததும் அதே ஆண்டில்தான். இவை பெரிய வெற்றிகள். பாடுபட்டவர்களை நன்றியோடு நினைக்கிறேன்.

ஆயினும் நடைமுறை என்ன? பெரும்பாலான தோட்டக் காணி அரசுக்குச் சொந்தமானது. 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் பொறுப்பில், நீண்டகாலக் குத்தகையில் இருக்கிறது. ஆகவே ஒரு குழாய் பதிக்கவும் வடிகான் வெட்டவும் சபைத் தீர்மானம் மட்டும் போதுவதில்லை, தோட்ட நிர்வாகத்தின் சம்மதமும் வேண்டியிருக்கிறது. கடிதங்களை எடுத்துக்கொள்வோம். லயத்துக் காம்பராவுக்குத் தனி முகவரி இல்லாத தோட்டங்களில், நூற்றுக்கணக்கான குடும்பங்களுக்கு வரும் கடிதங்கள் எல்லாம் தோட்டத்துக் கந்தோர் மேசையில் ஒரே கட்டாகக் கிடக்கின்றன. நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் அந்தத் திகதி கடந்தபின் கைக்கு வந்த பிள்ளைகளை, ஆசிரியராக இருந்த காலத்தில் நான் கண்டிருக்கிறேன். கொழுந்து குறைந்த நாளில் அரைப்பேர் (அரைநாட் சம்பளம்) போடப்பட்டும் வயிற்றைக் கட்டிப் பிள்ளையைப் படிக்கவைத்த தாய்க்கு அது எத்தகைய இழப்பு என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

கிடைத்த சட்ட அதிகாரத்தையும் பயன்படுத்த மக்கள் பிரதிநிதிகள் இருந்தார்களா என்றால், அதுவும் இல்லை. 2023 மார்ச்சில் உள்ளூராட்சி மன்றங்களின் காலம் முடிந்தது. தேர்தல் தள்ளிப் போடப்பட்டு 2025 மே மாதத்தில்தான் நடந்தது. பொருளாதார நெருக்கடியின் சுமை மக்களை நசுக்கிய அந்த இரண்டு வருடங்களும் சபைகளைச் செயலாளர்கள்தான் நடத்தினார்கள். மத்திய மாகாண சபையின் நிலைமை இதைவிட மோசமானது. 2018 ஒக்டோபரில் அதன் காலம் முடிந்த பின்னர் மாகாண சபைத் தேர்தலே நடக்கவில்லை. 2023இல் உள்ளூராட்சித் தேர்தலைத் தள்ளிப்போட்டபோது, செலவிடப் பணம் இல்லை என்று சொன்னார்கள். யாரிடம் முறையிடுவது என்று தெரியாமல் நின்ற ஏழை மக்களுக்குத்தான் தேர்தல் மிக அவசியமாக இருந்தது என்பதை ஆட்சியாளர் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும்.

காணி பற்றியும் சொல்லியாக வேண்டும். 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண்சரிவு லயங்களையே மூடியது. ஆபத்தான சரிவு என்று தெரிந்தும் மக்கள் அங்கே இருந்ததற்குக் காரணம், எழுந்து போவதற்குச் சொந்தமாக ஓர் அடி நிலம் அவர்களுக்கு இல்லை என்பதே. இந்திய உதவியுடனான தனி வீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற ஏற்பாடு நல்ல தொடக்கம். ஆனால் எஞ்சிய லயங்களின் எண்ணிக்கையோடு பார்த்தால் அந்த வேகம் போதாது. உறுதிப்பத்திரம் கையில் இருந்தால்தான் வங்கிக் கடனும் சிறு தொழிலும் சாத்தியமாகும்.

ஆகவே இப்போது பதவியில் இருக்கும் பிரதேச சபைகள் 2018 திருத்தத்தின் கீழ் தோட்டக் குடியிருப்புகளுக்கு எவ்வளவு ஒதுக்கின, எவ்வளவு செலவிட்டன என்பதைத் தோட்டம் தோட்டமாகத் தமிழில் வெளியிட வேண்டும். குடியிருப்புப் பகுதிகளையும் உட்பாதைகளையும் குத்தகையிலிருந்து பிரித்தெடுத்து, வீட்டுக் காணியை மக்களின் பெயரிலும் பாதைகளைச் சபையின் பெயரிலும் பதிவுசெய்யும் சட்டத்தை அரசாங்கம் கொண்டுவர வேண்டும். மாகாண சபைத் தேர்தலுக்குத் திகதி குறிக்கப்பட வேண்டும். வீடுகளுக்கு இலக்கமும் முகவரியும் வழங்குவதற்குப் பெரிய பணம் தேவையில்லை. பிரதேச செயலகமும் தபால் திணைக்களமும் மனம்வைத்தால் இந்த வருடத்திலேயே தொடங்கலாம். சபை உறுப்பினர்களிடம் இந்தக் கணக்குகளைக் கேட்டு, அவர்கள் தரும் பதிலைத் தங்கள் பத்திரிகை வெளியிட வேண்டுமென்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர்,
ஹட்டன்.