பாடகர் சங்கம்: 2022ஆம் ஆண்டறிக்கை

தலைவரும் நம் சபைப் போதகருமான ஐயரவர்களுக்கும் சங்கத்தாருக்கும் ஸ்தோத்திரங்கள்.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடந்தன. குருத்தோலைப் பவனி, ஈஸ்டர், அறுப்பின் பண்டிகை ஆகியவற்றில் பாடினோம். கேரல் பவனி மழையால் ஒரு நாள் தள்ளிப்போனது.

கிறிஸ்மஸ் காரியத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். டிசம்பர் 25 ஞாயிற்றுக்கிழமையாக வந்ததால், அதிகாலை நாலரை மணி ஆராதனையே போதும், எட்டரை மணி ஆராதனை வேண்டாம் என்று சபையை நிர்வகிக்கும் சேகரக் கமிட்டிக்கு ஒரு மனு போயிருக்கிறது. அதில் நம் சங்கத்தாரின் கையெழுத்துகள் இருந்ததைக் கமிட்டியில் வாசிக்கக் கேட்டுத்தான் செயலாளரான நானே தெரிந்துகொண்டேன். அமெரிக்காவில் வில்லோ கிரீக் போன்ற பெரிய சபையே 2005இல் கிறிஸ்மஸ் ஞாயிறன்று ஆராதனை வைக்கவில்லையே என்றார் ஒரு அண்ணாச்சி. உண்மைதான். முந்தைய நாள்களில் பல ஆராதனைகளை நடத்திவிட்டுத்தான் அன்று நிறுத்தினார்கள் என்பதையும், அதற்கே அங்குள்ள கிறிஸ்தவர்களிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்கள் என்பதையும் அண்ணாச்சி சொல்லாமல் விட்டுவிட்டார்.

டிசம்பர் 25ஐக் கிறிஸ்து பிறந்த நாளாகக் குறிக்கும் ரோமாபுரிப் பதிவு 336ஆம் ஆண்டைச் சேர்ந்தது. வாரத்தின் முதல் நாளான ஞாயிறன்று சீஷர்கள் அப்பம் பிட்கக் கூடியதோ வேதாகமத்தில் அப்போஸ்தலர் நடபடிகளிலேயே இருக்கிறது. பிந்தி வந்த பண்டிகைக்காக முந்தி வந்த நாளை எப்படித் தள்ளுவது? 2020 ஈஸ்டருக்கு ஊரடங்கில் ஆலயக் கதவு அடைத்துக் கிடந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டவர்களும் இந்த மனுவில் கையெழுத்திட்டிருந்தார்கள் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஐயரவர்கள் எட்டரை ஆராதனை உண்டு என்று முடிவு சொன்னார்கள். பாட வருகிறோம் என்று கை தூக்கியவர்களில் பாதிப் பேர்கூட வரவில்லை. ஆண்களில் கீழ்க்குரல் பாடுவோரின் பேஸ் பெஞ்சு முழுவதும் காலி. அந்தக் குரல்கள் ஆறரை மணிக்கே கறிக்கடை வரிசையில் கேட்டதாகத் தகவல். ஆனால் மார்கழிப் பனியில் நாலரை மணிக்கு வர முடியாத பாட்டிமார் முன் பெஞ்சுகளை நிறைத்திருந்தார்கள். இரவுப் பணி முடிந்து யூனிபார்மோடு வந்த நர்ஸ் ஒருவர், கைப்பையும் டிபன் கேரியருமாகக் கடைசி பெஞ்சில் இருந்து, திருவிருந்து எடுத்துவிட்டே வீட்டுக்குப் போனார். ஆராதனை வேண்டாம் என்றவர்கள் இவர்களை எங்கே போகச் சொல்கிறார்கள்?

வரவு செலவுக் கணக்கு தணிக்கையாளரிடம் இருக்கிறது. ஆர்மோனியம் பழுது, பாட்டு நகல், தேநீர் எல்லாம் போகச் சொற்ப இருப்பு உண்டு. மனுவில் கையெழுத்திட்டவர்களில் பெரும்பாலோரின் கையெழுத்து சந்தாப் பதிவேட்டில் இல்லை.

ஐயரவர்களுக்கும், ஆர்கனிஸ்டுக்கும், ஆலயப் பணியாளரான கோயில்பிள்ளைக்கும், கேரலுக்குத் தேநீர் தந்த வீட்டாருக்கும் நன்றி.

கிறிஸ்மஸ் இனி ஞாயிறாக வருவது 2033இல்தான். 2028 லீப் ஆண்டாதலால் சனியிலிருந்து திங்களுக்குத் தாவிவிடும். அதற்காக நிம்மதி அடைய வேண்டாம். இந்த ஆண்டு, அதாவது 2023இல், டிசம்பர் 24 ஞாயிறு: காலையில், கிறிஸ்மஸுக்கு ஆயத்தமாகும் அட்வெந்து காலத்தின் நான்காம் ஞாயிறு, மறுநாள் விடியுமுன் கிறிஸ்மஸ். இரண்டுக்கும் பாட ஆள் வேண்டும். செயலாளர் பொறுப்பை வேறொருவர் ஏற்றுக்கொண்டால் எனக்கு ஆட்சேபணை இல்லை; வருவோர் பெயர்களை ஜூன் மாதத்திலேயே எழுதி வாங்கிவிடும்படி மட்டும் அவரைக் கேட்டுக்கொள்கிறேன். ரசீதுப் புத்தகம் இப்போது என்னிடம் இருக்கிறது. கூட்டம் முடிந்ததும் வாசலருகில்தான் நிற்பேன்.

செயலாளர்