திருச்சி வெயிலிலிருந்து

திருச்சி,
மே 12

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் கிடைத்தது. பேரனுக்குக் காது குத்திய படத்தில் நீ மட்டும் இளைத்துத் தெரிகிறாய், நேரத்துக்குச் சாப்பிடு. எனக்கு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் யோகாவிலேயே குணமாகிவிட்டதாம், மாத்திரையை விட்டுவிட்டேனாம் என்று எழுதியிருக்கிறாய். இதை யார் கிளப்பியது? பத்மாவாகத்தான் இருக்கும்.

குணமாகவில்லை. மாத்திரையையும் விடவில்லை. ஆனால் முன்பு ஒரு தடவை விட்டேன், உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. உறவுக்காரர் ஒருவர் கூட்டிப்போன இடத்தில் 'எதிர்ப்பு சக்தி கூட்டும்' லேகியம் கொடுத்தார்கள். அதை நம்பி ஐந்து மாதம் மாத்திரையைத் தொடவில்லை. ஒருநாள் காலை வாசல் செம்பருத்தி இடது கண்ணுக்குச் சாயம் போன மாதிரி தெரிந்தது. கண்ணை உருட்டினால் வலி. ஸ்டீராய்டு ஏற்றித்தான் பார்வை திரும்பியது. டாக்டர் திட்டவில்லை. "உங்க எதிர்ப்பு சக்தியேதாம்மா நரம்பு மேல இருக்கிற உறையை அரிக்குது. அதுக்குப் போய் லேகியமா?" என்றார். மயலின் என்கிற அந்த உறை மின்கம்பியின் ரப்பர் மாதிரி. அது போன இடத்தில் செய்தி தடுமாறுகிறது, அவ்வளவுதான் நோய்.

உன் அண்ணன் மகளுக்கும் இதே நோய் என்று எழுதியிருந்தாய் அல்லவா, அவளுக்கு முதலில் இதைச் சொல்.

அப்புறம் வெயில். உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே எனக்குக் கால் துவண்டு, எழுத்து மங்கிவிடும். 1890இல் ஊட்டாஃப் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் இதைக் கவனித்திருக்கிறார். உழைப்பால் வருகிறது என்று அவர் நினைத்தார், சூடுதான் காரணம் என்பது பிறகுதான் தெரிந்தது. ஸ்கேன் இல்லாத காலத்தில் ஆளை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்தே இந்த நோயைச் சோதித்தார்களாம். நமக்கெதற்குத் தொட்டி, சித்திரை மாதத்துச் சமையலறை போதுமே! பயப்பட ஒன்றுமில்லை, உடம்பு குளிர்ந்தால் சரியாகிவிடும். ஆறரைக்குள் அடுப்பை அணைத்துவிடுகிறேன். கழுத்தில் ஈரத்துண்டு. வெளியே போவதென்றால் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டுத்தான்.

விடிவதற்குள் மொட்டை மாடியில் இருபது நிமிடம் நடை, பிறகு பிசியோதெரபிஸ்ட் சொன்ன பயிற்சி. ஒரு காலத்தில் இந்த நோய்க்காரர்களை 'அசையாமல் படு' என்பார்களாம். இப்போது நட என்கிறார்கள். முடியாத நாளில் பாதியோடு இறங்கிவிடுவேன், முடித்தே தீருவேன் என்ற ரோஷத்தை விடத்தான் வருஷக்கணக்காயிற்று. சாப்பாடு? கீரை, மீன், குறைவாக எண்ணெய். இதைத் தின்றால் போய்விடும் என்று யாராவது வந்தால் கும்பிட்டு அனுப்பிவிடுகிறேன். இந்த ஊர் வெயிலில் இருந்துகொண்டு ரத்தத்தில் வைட்டமின் டி குறைவு என்று வந்ததுதான் வேடிக்கை. அதற்கும் டாக்டர் சொன்ன அளவுதான்.

அந்தப் பெண்ணிடம் இன்னொன்றும் சொல். புதிதாக ஒரு தொந்தரவு ஒரு நாள் முழுக்க நீடித்தால் டாக்டருக்குப் போன் போடவேண்டும். காய்ச்சலில் பழைய தொந்தரவு தலைகாட்டினால் காய்ச்சலை முதலில் பார்க்கவேண்டும். 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோயும் இருக்கிறது, சான்றிதழுக்கு விசாரிக்கச் சொல். பேச ஆள் வேண்டுமென்றால் என் நம்பரைக் கொடு, மத்தியானம் மட்டும் வேண்டாம், தூங்குவேன்.

மார்கழியில் வாடி. அப்போதுதான் என் காலில் தெம்பிருக்கும். மலைக்கோட்டை ஏற என்னால் ஆகாது, தெப்பக்குளத்தைச் சுற்றி வரலாம். வரும்போது உங்கள் ஊர்ச் சுக்குக் கருப்பட்டி வாங்கி வா.

உன்,
சாரதா