அம்மா உணவகத் தட்டில் ஒரு கிண்ணம் சுண்டல்: சென்னை மாநகராட்சிக்கு ஒரு திறந்த மடல்

மேயர் அவர்களுக்கும் சுகாதாரத் துறை அதிகாரிகளுக்கும் வணக்கம்.

தண்டையார்பேட்டையிலிருந்து எழுதுகிறேன். என் அம்மாவுக்குப் பல வருடமாகச் சர்க்கரை. 2021-இல் வீட்டுக்கே மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்த பிறகு அவர் மாத்திரைக்காக வரிசையில் நிற்பதில்லை. அதற்கு மனமார்ந்த நன்றி. ஆனால் எங்கள் தெருவில் இப்போது நாற்பதைத் தொடாதவர்களும் அதே மாத்திரையை விழுங்குகிறார்கள். அவர்களுக்கு முன்னமே ஏதாவது செய்திருக்கலாமே என்று மனசு அடித்துக்கொள்கிறது.

செய்வதற்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. 2013 முதல் ஒரு ரூபாய்க்கு இட்லி தரும் அம்மா உணவகங்கள். மூட்டை தூக்குகிறவர்களும், காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலம் முடித்து வருகிறவர்களும் அங்கேதான் பசியாறுகிறார்கள். இட்லி, பொங்கல், சாம்பார் சாதம், தயிர் சாதம் என்று காலையிலும் மதியமும் பெரும்பாலும் அரிசிதான். வீட்டுக்குப் போனால் ரேஷன் அரிசி. அரிசியைக் குறை சொல்லவில்லை, கூடச் சுண்டலோ கீரையோ இல்லை என்பதுதான் குறை. அதே சாதத்தோடு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலையோ காராமணியோ இருந்தால், அதிலுள்ள நார்ச்சத்தும் புரதமும் செரிமானத்தை நிதானமாக்கும். சர்க்கரை சட்டென்று ஏறாது, பசியும் தாங்கும். முருங்கைக்கீரையும் ஒரு கை சேர்ந்தால் இன்னும் நல்லது.

அப்புறம், கூழ். ஆடி மாதம் எங்கள் பக்கம் அம்மன் கோயில்களில் ஊற்றுவதை மற்ற மாதங்களிலும் ஊற்றலாம். 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம் இருக்கிறது. மாவை இரவில் புளிக்க வைக்கும்போது, இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாமல் தடுக்கும் ஃபைட்டேட் குறைகிறது. ஆனால் கேழ்வரகு சர்க்கரை நோயை விரட்டிவிடும் என்று நம்பி மாத்திரையை நிறுத்துகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நைசாக அரைத்த மாவில் காய்ச்சிய கூழிலும் சர்க்கரை ஏறத்தான் செய்யும். கூழுக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாட்டில் உப்பு அதிகம், அதுவும் அளவோடுதான். ஒரு நாளைக்கு உப்பு 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மத்தியும் கானாங்கெளுத்தியும் விலை குறைவாகக் கிடைக்கிற நாளில் குழம்பு வைக்கலாம், அந்த மீன்களில் உள்ள கொழுப்பு இதயத்துக்கு நல்லது.

தண்டையார்பேட்டை, ராயபுரம் மண்டலங்களில் சில உணவகங்களிலாவது ஆறு மாதம் சுண்டல் கொடுத்துப் பாருங்கள். விருப்பப்படுகிறவர்களுக்கு மூன்று மாதச் சராசரி சர்க்கரையை முன்னும் பின்னும் சோதித்துப் பாருங்கள். கடலையை முந்தின இரவே ஊறப்போட வேண்டும், வேலை கூடும். அங்கே சமைக்கிற சுயஉதவிக்குழுப் பெண்களுக்கு அதற்கான கூலியையும் சேர்த்துக் கொடுங்கள்.

இப்படிக்கு,
தண்டையார்பேட்டையில் வசிக்கும் ஒரு மகள்