பத்தாம் வசனம்

அன்புள்ள அக்கா,

வருகிற வெள்ளிக்கிழமையோடு அண்ணன் போய் ஒரு வருடம். அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் நான் பிரசங்கம் செய்யப்போகிறேன். ஒரு வருடமாகச் சொல்லிவந்த "இல்லை"யை மாற்றிக்கொண்டு ஒப்புக்கொண்டுவிட்டேன். வேறு யார் வாயிலாகவோ இது உங்கள் காதுக்கு வருவதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தேன். தொலைபேசியில் மூன்று முறை அழைத்தேன். மகன் கையில் கொடுத்தனுப்பிய கடிதம் உறை பிரிக்கப்படாமலே திரும்பி வந்தது. ஆனால் நான் பொதுவில் எழுதுவதை மட்டும் ஒன்று விடாமல் படிக்கிறீர்களாம்; அவன்தான் சொன்னான். ஆகவே இங்கே எழுதுகிறேன்.

நம் இருவரையும் அறிந்தவர்கள் இதைப் படிப்பார்கள். அதனால் சில இடங்களில் வார்த்தையை விழுங்கித்தான் எழுதுவேன். விழுங்கியது எது என்று உங்களுக்குத் தெரியும்.

அந்த எட்டு மாதங்களைப் பற்றி எழுதப்போவதில்லை. அந்த ஒரு ராத்திரியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். அதிலும் உங்களுக்குத் தெரியாத ஒரு சின்ன இடம் இருக்கிறது.

அறை விளக்கை அணைத்திருந்தீர்கள். வராந்தா வெளிச்சம் கதவிடுக்கு வழியாகக் கட்டிலின் கால்மாட்டில் ஒரு கோடாக விழுந்திருந்தது. "தம்பி, ஒரு வாக்குத்தத்தம் வாசி" என்றீர்கள். அண்ணனின் வேதாகமத்தை எடுத்தேன். முதுகு விட்டுப்போன அந்தக் கறுப்பு அட்டையைச் சுற்றி அவர் போட்டுவைத்திருந்த ரப்பர் வளையத்தைக் கழற்றி மணிக்கட்டில் மாட்டிக்கொண்டேன். எரேமியா 29:11. அதை வாசிக்க எனக்கு வெளிச்சம்கூடத் தேவையில்லை. "நீங்கள் எதிர்பார்த்திருக்கும் முடிவை உங்களுக்குக் கொடுக்கும்படிக்கு நான் உங்கள்பேரில் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன் என்று கர்த்தர் சொல்லுகிறார், அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே."

நீங்கள் மூன்று தடவை ஆமென் சொன்னீர்கள். பிறகு ஈரத்துணியைப் பிழியத் திரும்பினீர்கள். அப்போதுதான் அண்ணன் போர்வைக்கு மேலிருந்த விரலைக் கொஞ்சம் தூக்கினார். "அதற்கு முந்தினது" என்றார்.

தண்ணீர்ச் சத்தத்தில் உங்களுக்கு அது கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. கேட்காததுபோல் வேதாகமத்தை மூடி வளையத்தைப் போட்டேன். அது அட்டைமேல் பட்டென்று அடித்தது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, அந்த வளையத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

முந்தின வசனத்தில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. படிக்கிற மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கி.மு. 597-இல் பாபிலோன் ராஜா நேபுகாத்நேச்சார் எருசலேமிலிருந்து அதன் ராஜாவையும் பிரபுக்களையும் தொழிலாளரையும் சிறைப்பிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோனான். அங்கே இருந்தவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி எழுதியனுப்பிய கடிதம் அது. வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் செய்துவையுங்கள், உங்களைச் சிறைப்பிடித்த பட்டணத்துக்காகவே ஜெபம்பண்ணுங்கள் என்கிறான். பத்தாம் வசனத்தில் கணக்கு வருகிறது: எழுபது வருடம். அது நிறைவேறின பிறகுதான் திரும்பிவருவது. முப்பது வயதில் சிறைப்பட்டுப் போன ஒருவன் இதைக் கேட்டிருந்தால், தான் திரும்பப்போவதில்லை என்பதை அந்த நிமிடமே புரிந்துகொண்டிருப்பான். அதற்குப் பிறகுதான் பதினொன்றாம் வசனம் அவன் காதில் விழும். நாம் காலண்டரில் அச்சடிப்பதும், வருடப் பிறப்பன்று எடுத்துக்கொடுப்பதும், கல்யாணப் பத்திரிகையில் போடுவதும் அந்தப் பதினொன்றைத்தான். பத்தை அச்சடித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

அண்ணன் என்னைத் திருத்துகிறார் என்றே அன்றைக்கு நினைத்தேன். பன்னிரண்டு வருடம் அவரிடம் பிரசங்கம் படித்தவன் நான். "வசனத்தைப் பிய்த்து எடுக்காதே, முன்னும் பின்னும் வாசி" என்று அவர் சொல்லாத வாரம் இல்லை. சாகக் கிடக்கிறபோதும் பாடமா என்று ஒரு கணம் எரிச்சல்கூட வந்தது. அதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது. போன மழைக்காலத்தில் ஒரு நாள், பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தபோது, வேறு எதையோ யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது. அவர் திருத்தவில்லை, அக்கா. கேட்டார். பிழைத்து எழும்பாதவனுக்கும் சேர்த்து எழுதப்பட்ட நம்பிக்கை அந்தக் கடிதத்தில் இருந்தது. தனக்குரிய பங்கை அவர் கேட்டார். நான் ரப்பர் வளையத்தைப் போட்டேன்.

இதற்குத்தான் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்கு வருகிறேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிரசங்கபீடத்தில் நான் பேசியது பதிவாகியிருக்கிறது, மறுப்பதற்கில்லை. "நான் சாவாமல், பிழைத்திருந்து, கர்த்தருடைய செய்கைகளை விவரிப்பேன்" என்ற சங்கீத வசனத்தையும் சேர்த்துக்கொண்டு, அண்ணன் இதே இடத்தில் மறுபடி நிற்பார் என்றேன். சபை எழுந்து நின்றது. பன்னிரண்டு நாள் கழித்து அவரை அடக்கம் செய்தோம். கல்லறைத் தோட்டத்தின் வாசலில், அத்தனை பேருக்கு நடுவில், "போ, அனனியா" என்றீர்கள்.

வேதத்தில் அனனியாக்கள் பலர். நிலத்தை விற்ற பணத்தில் ஒரு பங்கை மறைத்துவைத்தவன் ஒருவன். தமஸ்குவில் குருடாகிக் கிடந்த சவுலின்மேல் கைவைத்து "சகோதரனாகிய சவுலே" என்று அழைத்தவன் இன்னொருவன். முதல் இரண்டு வாரம் நான் இந்த இரண்டாமவனைத்தான் நினைத்துக்கொண்டேன் என்றால் சிரிப்பீர்களா? மனிதன் தனக்குச் சாதகமாக எதையெல்லாம் பிடித்துக்கொள்கிறான்! நீங்கள் சொன்னது எரேமியா 28-ஆம் அதிகாரத்துப் பொய்த்தீர்க்கதரிசி அனனியாவை. எழுபது வேண்டாம், இரண்டே வருடத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று ஆலயத்தில் ஜனங்களுக்கு முன்பாகச் சொன்னவன். எரேமியாவின் கழுத்தில் இருந்த மர நுகத்தை எடுத்து உடைத்துக் காட்டியவன். ஐந்தாம் மாதம் அதைச் சொன்னான், ஏழாம் மாதம் செத்துப்போனான்.

சரி, நான் அனனியாதான். ஆனால் அந்த அதிகாரத்தில் இன்னொன்றும் இருக்கிறது. அனனியா பேசி முடித்ததும் எரேமியாவே "ஆமென், கர்த்தர் அப்படியே செய்வாராக" என்கிறான். அவனுக்கும் அந்த ஆசை இருந்திருக்கிறது. ஆசைப்பட்டதில் என்ன குற்றம்? நம் ஆசையின்மேல் கர்த்தருடைய முத்திரையை நாமே குத்துவதுதான் குற்றம். குத்தியது என் கை. ஆனால் முத்திரையை எடுத்துக் கொடுத்தது யார்? இருளிலேயே முடிகிற சங்கீதம் 88-ஐ வாசிக்கத் தொடங்கிய அந்தப் பெரியவரை நீங்கள் எப்படி அனுப்பிவைத்தீர்கள் என்பதை இங்கே எழுதமாட்டேன். எல்லோரையும் திருப்பி அனுப்பினீர்கள், நான் ஒருவன் கடைசியாக மிஞ்சினேன். என்னைப் பொய்த்தீர்க்கதரிசி ஆக்கியதில் உங்கள் மூன்று ஆமெனுக்கும் பங்கு உண்டு. எழுதிவிட்டேன், அடித்துத் திருத்தப்போவதில்லை.

துணியைப் பிழியும்போது உங்கள் கை நடுங்கியது. அதையும் பார்த்தேன். அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு பத்தாம் வசனத்தை வாசிக்க எனக்குத் தெம்பு இல்லை. இது சாக்கு அல்ல. சாக்காகவும் இருக்கலாம்.

இத்தனைக்குப் பிறகு எந்த முகத்தோடு மறுபடி பிரசங்கபீடம் ஏறுகிறாய் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. முகம் இல்லாமல்தான் ஏறுகிறேன்.

ஆறு மாதம் வேதாகமத்தைத் திறந்தாலே அதில் பிரசங்கத்துக்கு என்ன கிடைக்கும் என்றுதான் கண் தேடியது. அந்தப் பழக்கம் போவதற்கு வேதத்திலுள்ள புலம்பல் புத்தகம் தேவைப்பட்டது. ஐந்தே அதிகாரம். எபிரெயுவில் எழுத்து இருபத்திரண்டு. முதல் நான்கு அதிகாரமும் அந்த எழுத்து வரிசைப்படியே அழுகின்றன. மூன்றாம் அதிகாரத்தில் எழுத்துக்கு மூன்று வசனம் வீதம் அறுபத்தாறு. "அவைகள் காலைதோறும் புதியவைகள்" என்று நாம் பாடிக்கொண்டாடும் வசனம் அந்த அதிகாரத்திலும் பாதி தாண்டுவதற்கு முன்பே வந்துவிடுகிறது. அதற்குப் பிறகும் அழுகை நிற்பதில்லை. புத்தகம் ஒரு சந்தேகத்தோடுதான் முடிகிறது. நான் இதுவரை செய்த எல்லாப் பிரசங்கத்திலும் நம்பிக்கையைக் கடைசியில்தான் வைத்தேன், விருந்தில் இனிப்பு வைப்பதுபோல. எழுதினவன் அதை நடுவில் வைத்துவிட்டு மறுபடி அழப் போயிருக்கிறான்.

வல்லமையைப் பற்றி அண்ணன் சொன்னதும் இப்போதுதான் பிடிபடுகிறது. என் முதல் பிரசங்கத்தில், சுவிசேஷம் தேவனுடைய வல்லமை என்று பவுல் ரோமருக்கு எழுதிய வசனத்தை எடுத்துக்கொண்டு, கிரேக்கத்தில் வல்லமைக்குத் துனாமிஸ் என்று பெயர், டைனமைட் என்ற சொல் அதிலிருந்துதான் வந்தது, சுவிசேஷம் ஒரு வெடிமருந்து என்று முழங்கினேன். இறங்கி வந்ததும் அவர் கேட்டார்: "டைனமைட்டை நோபல் கண்டுபிடித்தது 1867-இல். பவுல் எப்போது ரோமருக்கு எழுதினார்?" நீங்கள்கூடச் சிரித்தீர்கள். பிறகு 1 கொரிந்தியர் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துக் கொடுத்தார். "நான் பலவீனத்தோடும் பயத்தோடும் மிகுந்த நடுக்கத்தோடும் உங்களிடத்தில் இருந்தேன்." அதற்கு அடுத்த வசனத்தில்தான் பவுல் பெலத்தைப் பற்றிப் பேசுகிறான். நடுக்கம் தீர்ந்த பிறகு பெலம் வந்ததாக அங்கே இல்லை.

எசேக்கியேல் 37-ஐ இருபது தடவையாவது பிரசங்கித்திருப்பேன். உலர்ந்த எலும்புகள் உயிரடையுமா என்று கேட்கப்பட்டபோது தீர்க்கதரிசி "ஆம்" என்று சொல்லவில்லை. "கர்த்தராகிய ஆண்டவரே, தேவரீர் அதை அறிவீர்" என்றான். அன்றைக்கு நீங்கள் வாக்குத்தத்தம் கேட்டபோது எனக்கு இருந்த ஒரே நேர்மையான பதில் அது. அவன் எலும்புகளைப் பார்த்துப் பேசுகிறான். எலும்போடு எலும்பு சேர்கிறது, நரம்பு, மாம்சம், தோல் எல்லாம் மூடுகிறது. ஆனால் ஆவி இல்லை. என் பிரசங்கங்களில் பெரும்பாலானவை அந்த இடத்தில்தான் நின்றிருக்கின்றன. தோல்வரைக்கும் கச்சிதம். பிறகு அவன் ஜனத்தை விட்டுவிட்டுக் காற்றைப் பார்த்துப் பேசும்படி சொல்லப்படுகிறான். ஆவிக்கும் காற்றுக்கும் சுவாசத்துக்கும் எபிரெயுவில் ஒரே சொல்தான், ரூவாக். அந்த இரண்டாவது பேச்சை எந்தச் சபையும் கேட்க முடியாது. அது அறைக்குள் கதவைச் சாத்திக்கொண்டு பேசுவது. ஒரு வருடமாக நான் பேசிவந்தது அதுமட்டும்தான். நான் ஒளிந்துகொண்டேன் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும்.

இன்னொன்று. "எதிர்பார்த்திருக்கும் முடிவு" என்று நம் வேதாகமத்தில் இருப்பது எனக்கு அன்றைக்கே தொண்டையில் சிக்கியது. முடிவு என்ற சொல்லை அந்தக் கட்டிலருகே உச்சரிப்பது எப்படி இருக்கும்? மூலத்தில் அங்கே பின்வரும் காலம், நம்பிக்கை என்று இரண்டு சொற்கள் இருக்கின்றன. நம்பிக்கைக்கு அங்கே வருகிற சொல் திக்வா. யோசுவா புத்தகத்தில் எரிகோ பட்டணத்து ராகாப், தன் வீட்டார் பிழைப்பதற்கு அடையாளமாக ஜன்னலில் கட்டிய சிவப்புக் கயிற்றுக்கும் அதே சொல்தான். அவள் வீடு இருந்தது அலங்கத்தின்மேல். இடிந்து விழப்போகிற அதே மதிலில்தான் அவள் அதைக் கட்டினாள். ஆறு நாள் ஒவ்வொரு சுற்று, ஏழாம் நாள் ஏழு, ஆகப் பதின்மூன்று சுற்று இஸ்ரவேலர் வெளியே நடந்துகொண்டிருக்க, அவள் அந்தக் கயிற்றைப் பார்த்துக்கொண்டு உள்ளே இருந்திருக்கிறாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவளைப் பற்றிப் பேச மாட்டேன், நேரம் இருக்காது. உங்களுக்குச் சொல்லத் தோன்றியது.

எரேமியா 29. பத்தாம் வசனத்திலிருந்து வாசிக்கத் தொடங்குவேன். அண்ணனின் பெயரைச் சொல்ல மாட்டேன். நீங்கள் வர வேண்டும் என்று கேட்கவும் இல்லை. வந்தால், பேசி முடித்தபின் என்னிடம் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை. வராவிட்டால் நான் அதை ஒரு பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன். எடுத்துக்கொள்வேன்தான், ஆனால் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

அண்ணனின் வேதாகமத்தை இரண்டு முறை கேட்டனுப்பினீர்கள். தேடிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லியனுப்பினேன். தேடவே இல்லை, என் மேசைமேல்தான் இருந்தது. சனிக்கிழமை மகன் கையில் கொடுத்துவிடுகிறேன். ஞாயிற்றுக்கிழமை என்னுடையதில் வாசித்துக்கொள்வேன். ரப்பர் வளையம் அறுந்துவிட்டது, புதிதாக ஒன்றும் போடவில்லை. எரேமியாவுக்குப் பக்கத்தில் தையல் விட்டிருக்கிறது. திறக்கும்போது அடியில் ஒரு கையைக் கொடுத்துத் திறங்கள், இல்லாவிட்டால் தாள்கள் கழன்று விழும்.

உங்கள் தம்பி