பொருள்: சீஸ் பாஸ்தா பாக்கெட்ல இருக்கற சத்து அட்டவணை குழப்பமா இருக்கு, கேட்டா யாருமே பதில் சொல்ல மாட்டேங்கறாங்க

வணக்கம்,

போன்ல கேட்டாச்சு, மெயில் போட்டாச்சு, உங்க ஆப்ல சாட் பண்ணியும் பாத்தாச்சு. "சம்பந்தப்பட்ட டீமுக்கு அனுப்பியிருக்கோம்"னு அதே பதில்தான் வருது, கம்ப்ளெயின்ட் நம்பர் மட்டும் புதுசு புதுசா தர்றீங்க. அதனாலதான் மேல இருக்கறவங்களுக்கே எழுதறேன். என் கேள்வி ஒண்ணே ஒண்ணுதான். உங்க சீஸ் டார்ட்டெலினி (உள்ள சீஸ் வெச்ச பாஸ்தா) 250 கிராம் பாக்கெட் பின்னாடி "100 கிராமில்"னு போட்டிருக்கற கணக்கு வேகவைக்காத பாஸ்தாவுக்கா, வெந்ததுக்கா? உங்க பொருள், உங்களுக்குத் தெரியாம இருக்குமா?

என் பொண்ணுக்கு டைப் 1 சுகர். தட்டுல எவ்வளவு கார்போஹைட்ரேட் இருக்குன்னு பாத்துதான் இன்சுலின் போடணும். உங்க அட்டவணையில கார்போஹைட்ரேட் 47 கிராம், புரோட்டீன் 13, கொழுப்பு 7, கலோரி 230னு இருக்கு. கார்போவும் புரோட்டீனும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9, கூட்டிப் பாருங்க, 303 வருது. அப்ப 230 எங்கிருந்து வந்துச்சு? நானே 100 கிராம் எடுத்து வேகவெச்சு, தண்ணிய நல்லா வடிச்சுட்டு தராசுல வெச்சேன், 130 கிராம் காட்டுச்சு. 303ஐ 1.3ஆல வகுத்தா கிட்டத்தட்ட உங்க 230 வந்துடுது! அதாவது கலோரி வெந்ததுக்கு, மத்ததெல்லாம் வேகாததுக்கு, ரெண்டையும் ஒரே கட்டத்துக்குள்ள போட்டு வெச்சிருக்கீங்க. வெந்த பாஸ்தா 150 கிராம் வெச்சா உங்க அட்டவணைய நம்பி 70 கிராம் கார்போன்னு இன்சுலின் போடுவோம், உண்மையில இருக்கறது 54 தான். அந்த வித்தியாசத்துக்கு அதிகமா போன இன்சுலின் சுகர இறக்கிவிட்டுடும். அப்படித்தான் ஒரு ராத்திரி இறங்குச்சு, உடம்பெல்லாம் வேர்த்து கை நடுங்கிட்டு எழுந்து உக்காந்திருந்தா, குளுக்கோஸ் கரைச்சுக் கொடுத்துட்டு விடிய விடிய பக்கத்துலயே இருந்தேன். அதுலருந்து எங்க வீட்ல யாருமே நிம்மதியா சாப்பிடறதில்ல.

இத உங்க கஸ்டமர் கேர்ல ஒருத்தர்கிட்ட சொன்னதுக்கு அவர் சொன்ன பதில், "இவ்ளோ கணக்கு பாக்கறவங்க எதுக்கு மேடம் பாஸ்தா வாங்கறீங்க?" இதுக்குத்தான் சம்பளம் கொடுத்து ஆள் வெச்சிருக்கீங்களா? சுகர் இருக்கற பிள்ளைன்னா ஆசைப்பட்டத சாப்பிடவே கூடாதா? அதோட நிக்கல, "தண்ணியில வேகவெச்சா கலோரி போயிடும், அதான் கம்மியா இருக்கு"ன்னு எனக்கு பாடம் வேற எடுத்தார். மாவு தண்ணிய இழுத்து எடை கூடுது, அதனாலதான் 100 கிராமுக்குன்னு பாக்கும்போது கலோரி குறையுது, உள்ள இருக்கற சீஸும் மாவும் எங்கயும் ஓடிடல. இதச் சொல்லிட்டு இருக்கும்போதே ஹோல்டுல போட்டார், பாட்டு ஓடுச்சு, கட்.

அதுக்கும் முன்னாடி ஒரு கூத்து. பாக்கெட்ட நேர்ல கொண்டு வாங்க, தரத்த செக் பண்ற டீம் பாக்கும்னு உங்க ஆளுங்கதான் சொன்னாங்க. ஆபீஸுக்கு லீவு போட்டுட்டு, பாஸ்தா கெட்டுடக்கூடாதுன்னு ஐஸ் வெச்ச பையில எடுத்துட்டு வந்தேன். கேட்லயே செக்யூரிட்டி நிறுத்திட்டார், "இங்க கஸ்டமர யாரும் பாக்க மாட்டாங்கம்மா." அவர் மேல எனக்குக் கோபம் இல்ல, பாவம் அவராவது உக்கார சேர் போட்டார். உள்ளேருந்து ஒருத்தர்கூட வரல, ஐஸ் முழுசா கரைஞ்ச பிறகு திரும்பி வந்தேன். அந்த ஒரு நாளுக்கு நீங்க என்ன கொடுத்தாலும் ஈடாகாது.

உப்பு விஷயத்தையும் பாருங்க. 100 கிராமுக்கு முன்பக்கம் உப்பு 0.35 கிராம், பின்பக்கம் சோடியம் 350 மில்லிகிராம். சோடியத்த 2.5ஆல பெருக்கினாதான் உப்பு, அப்ப கிட்டத்தட்ட 0.9 கிராம் வரணும். என் மாமியாருக்கு பிபி, அவங்க முன்பக்கத்த மட்டும்தான் பாப்பாங்க. ஒரு நாளைக்கு சோடியம் 2000 மில்லிகிராமுக்குள்ள இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, உங்க பாக்கெட் ஒண்ண முழுசா சாப்பிட்டா 875 உள்ள போயிடுது.

உங்க பாஸ்தா நல்லாத்தான் இருக்கு, பொண்ணுக்கு உயிர், சீஸ் இருக்கறதால புரோட்டீனும் கால்சியமும் கிடைக்குதுன்னு நம்பித்தான் வாங்கறேன். அதனால தயவுசெஞ்சு கேக்கறேன். அட்டவணை வேகாததுக்கா வெந்ததுக்கான்னு எழுத்துல பதில் கொடுங்க, பாக்கெட்லயும் அதத் தெளிவா போடுங்க, உப்பு கணக்கத் திருத்துங்க, கடைகள்ல இருக்கற பழைய பாக்கெட்ட எடுத்துடுங்க. ஒரு வாரம் பாப்பேன், பதில் வரலன்னா உணவு பாதுகாப்புத் துறைக்கும் நுகர்வோர் கோர்ட்டுக்கும் இதே கடிதம் போகும், சும்மா மிரட்டறேன்னு நினைக்காதீங்க.

பாக்கெட்டோட ரெண்டு பக்க போட்டோ, பில், தராசு போட்டோ எல்லாம் இணைச்சிருக்கேன். போன் பண்றதா இருந்தா சத்து கணக்கு தெரிஞ்ச ஆள் பண்ணட்டும், என்னை அப்படிக் கேட்டவர் மறுபடி லைனுக்கு வரக்கூடாது.

இப்படிக்கு,
உங்க வாடிக்கையாளர்